வெள்ளை வீசாத கண்மாய்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பினாங்கிலிருந்து என் கணவர் அனுப்பியிருந்த டைம்பீஸுக்கு நான் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக மனதில் நிற்கிறது. கண்மாய்க் கரையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. செத்த வீட்டில் எழும் குரல் அது.

"மீனு! ஐயோ, மீனெல்லாம் மெதக்குதே!"

என் மகள் அடுப்படியில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது.

"ஆத்தா, ராத்திரி மழை எம்புட்டுப் பேஞ்சிருக்கும்?"

"நல்ல மழைதான். ஏன்?"

 ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். டைம்பீஸ் என் கையிலேயே இருந்தது என்பது கரைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கீரமங்கலத்துக்கு மேற்கே உள்ள ஊர். பெயரை எழுத மனமில்லை. இன்னும் அந்த ஊர்ப் பள்ளியில்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். என் கணவரின் ஊர் அது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் மகளும். கண்மாய்க்கு மேலே, மேட்டில், எங்களுக்கு ஒரு புஞ்சை இருந்தது. வெறும் சரளை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சிவப்பாக ஓடிவிடும். வெயில் அடித்தால் கடப்பாரை இறங்காது.

மகள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பதினெட்டு வயது. அந்தப் புஞ்சையை அவள்தான் எடுத்துக்கொண்டாள். கீரமங்கலத்தில் கடலை உடைக்கிற மில்லில் கடலைத் தோல் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். பக்கத்தில் அரிசி மில். அதன் பின்புறம் உமிச் சாம்பல். கேட்பாரில்லாத குப்பை. இவள் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு போய் அதை அள்ளிவருவாள். தலைமுடியெல்லாம் சாம்பல் படிந்து, வண்டி மேல் உட்கார்ந்து வருவாள். ஊர் சிரித்தது. "டீச்சரம்மா மகளுக்கு மில்லுக்காரன் சீர் குடுத்து அனுப்பியிருக்கான்டோய்" என்று கத்துவார்கள். அவளும் வண்டியிலிருந்தே, "ஆமா, ஒங்களுக்கும் ஒரு கூடை வேணுமா?" என்பாள்.

தோலையும் சாம்பலையும் சாணியோடு குழியில் போட்டு மக்க வைத்து, ஒரு மூலையில் மட்டும் கொட்டிப் பார்த்தாள். ஒரு மழைக்காலம் போனதும் அந்த மூலையில் மண் கறுத்தது. கையில் பிடித்தால் உருண்டது. மற்ற இடத்தில் கடலைச் செடியைப் பிடுங்கினால் காயெல்லாம் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த மூலையில் கொத்துக் கொத்தாக முழுசாக வந்தது. கொண்டுவந்து என் மடியில் போட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம். எனக்கு எப்போதும் பயம்தான்.

பிறகு கறையான் வந்தது. மக்காத தோலைத் தேடி வந்து, செடியின் வேரையும் சேர்த்துத் தின்றது. அதற்கு மருந்தாகத்தான் செக்கடியிலிருந்து இலுப்பைப் புண்ணாக்கு கொண்டுவந்தாள். இலுப்பை விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை. மாடு தின்னாது, ஆனால் மண்ணுக்கு உரம், கறையானுக்கு எமன். கல் மாதிரி இருக்கும். ஊற வைத்தால்தான் கரையும். ஊற வைக்கத் தண்ணீர் வேண்டுமே என்று வாரி ஓரமாகப் புதுக் குழி வெட்டினாள். மேட்டில் பெய்யும் மழையைக் கண்மாய்க்குக் கொண்டுவருகிற ஓடைக்கு எங்கள் பக்கத்தில் வாரி என்று பெயர். கோடையில் வாரியில் எங்காவது ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கோடையில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்?

கரையில் பாதி ஊர் நின்றது. கண்மாய் அப்போது வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. ராத்திரி மழையில் வந்த புதுத் தண்ணீர் அதன் மேல் செம்மண் நிறத்தில் பரவியிருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிந்தது. கெண்டை, கெளுத்தி, குரவை. விரால்கள் மட்டும் இன்னும் தலையைத் தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு மனிதனும் தண்ணீரில் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கண்மாய் வற்றும்போது ஊரே ஒரே நாளில் இறங்கி மீன் பிடிக்கும். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் கரையில் நின்று சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகே கால் நனையலாம். வீசுவதற்கு முன் ஒருத்தர் இறங்கினாலும் அடுத்த வருடம் மழை பொய்க்கும், கண்மாய் நிறையாது. இது பேச்சுக்குச் சொல்வதல்ல. அப்பன் இறந்தாலும் மீறமாட்டார்கள். அந்த வருடம் அரிசிக்கே ஆலாய்ப் பறந்த வருடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வீசுவதாக இருந்தது. கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் மாப்பிள்ளைகளோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்பலக்காரரோ நில வழக்கு ஒன்றுக்காகப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். சைக்கிள் வைத்திருந்த ஒருவனை அவரைக் கூட்டிவர விரட்டியிருந்தார்கள்.

ஆக, ஊரின் ஒரு வருட மீன் கண் எதிரே செத்துக்கொண்டிருந்தது; எடுக்க ஒருத்தருக்கும் கையில்லை.

மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்ப்பாய்ச்சி தண்ணீர் ஓரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். முரட்டு ஆள், ஆனால் கண்மாயைப் பிள்ளை மாதிரிக் காப்பவர். "சோப்பு நொரை கணக்கா இருக்கு. இங்கிட்டு எவனும் துணி வெளுக்கலையே," என்றார். பிறகு தலையைத் தூக்கி வாரியைப் பார்த்தார். நுரை அங்கிருந்துதான் கோடு போட்டது போல வந்துகொண்டிருந்தது. கம்பை ஊன்றி எழுந்தார்.

நான் மகளின் கையைக் கிள்ளினேன். பேசாதே என்று. அவள் பேசினாள்.

"மாமா, நீங்க அங்கிட்டுப் போக வேணாம். அது எங்க குழி. ராத்திரி மழையில கரை ஒடஞ்சிருக்கும்."

"என்ன போட்ட குழியில?"

"கடலைத் தோலு, உமிச் சாம்பல், சாணி..." கொஞ்சம் நிறுத்தி, "இலுப்பைப் புண்ணாக்கு" என்றாள்.

கரையில் நின்ற எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை. குளத்தில் திருட்டு மீன் பிடிப்பவன் கரைத்து ஊற்றுவதும் இந்தப் புண்ணாக்கைத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"கறையானுக்குப் போட்டேன் மாமா."

"கறையானுக்காம்ல!" என்றார் நீர்ப்பாய்ச்சி, கூட்டத்தைப் பார்த்து. "கண்மாய்க்குள்ள கறையான் பிடிச்சிருக்காம். வைத்தியம் பாத்திருக்கு புள்ள."

சிரித்தார்கள்.  கோபத்தோடு ஒரு கூட்டம் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

முதலில் கை வைத்தவள் எங்கள் எதிர் வீட்டுக்காரி. எனக்குத் தங்கை மாதிரி. உப்பு, நெருப்பு, காய்ச்சலுக்குக் கஷாயம் என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல் போல இருந்தவள். அவள் மகளுக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகன் முதல் தடவையாக மீன் பிடிக்கு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எம் மருமகனுக்கு நான் எதடி பொங்கிப் போடுவேன்? ஒன் சாம்பலையா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே என் மகளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லுடி! யாருக்காகக் கரைச்சு ஊத்துன? எவன் ராத்திரி வலையோட வாரதா இருந்தான்?"

"சின்னாத்தா, சத்தியமா..."

"சின்னாத்தான்னு கூப்புட்டா நாக்க அறுத்துருவேன்."

கல்யாணமாகாத பெண்ணை ஆண்கள் தொடமாட்டார்கள். அந்த மரியாதை ஊரில் இருந்தது. அதனால் அவளை அடிக்கிற வேலையைப் பெண்கள் செய்தார்கள். ஆண்கள் எங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை, சத்தம் கேட்டது. வண்டிச் சக்கரத்தைக் கோடாலியால் பிளக்கிற சத்தம். தானியக் குதிர் உடைகிற சத்தம். பிறகு புகை. மாட்டுக் கொட்டகையில் அடுத்த குழிக்காகக் குவித்து வைத்திருந்த கடலைத் தோலுக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள். காய்ந்த தோல், நிமிடத்தில் கொட்டகை போய்விட்டது. மாடுகளை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். மாட்டின் மேல் யாருக்கும் கோபம் இல்லை.

கரையில் மகளை மடைக்கல்லில் கட்டினார்கள். மடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிற்கிற கற்களில் ஒன்று. கயிறு எங்கள் வண்டிக் கயிறுதான். சேலை தோளில் கிழிந்திருந்தது. உதடு பிளந்திருந்தது. நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பெண்கள் என்னைப் பிய்த்து எடுத்து இரண்டு கையையும் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்திக்குத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்.

"டீச்சரம்மா, நீங்க திமிராதீங்க. கை ஒடஞ்சிரும்," என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

யாரோ ஒருத்தி குழியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு சட்டியில் மொண்டு வந்தாள். கறுப்பாக, நுரையோடு, செக்கு நாற்றம் அடித்தது.

"எருன்னுதான சொன்ன? மண்ணு குடிக்குமாம், செடி குடிக்குமாம். நீயும் குடி."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரி அவள் மூக்கைப் பொத்தினாள். மூச்சுக்கு வாயைத் திறந்தபோது ஊற்றினார்கள். இருமினாள்; மறுபடியும் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பு முழுவதும் முறுக்கிக்கொண்டு வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிடவில்லை, வெறும் நுரைதான் வந்தது. கட்டியிருந்ததால் குனியவும் முடியவில்லை. தன் மார்பிலேயே எடுத்தாள். ஒருத்தர் வீட்டில் இலுப்பெண்ணெய் விளக்கு எரிந்தால் நான் இன்றும் உள்ளே போவதில்லை.

"பாத்தியா," என்றாள் ஒரு கிழவி, "மீனு பட்ட பாடு தெரியுதா?"

வெயில் ஏறியது. மேலே பருந்துகள் வந்துவிட்டன. ஒன்று இறங்கி ஒரு கெண்டையைக் கவ்விக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று. கொக்கு, காக்கை, எல்லாம் வந்தன. ஊர் நின்று பார்த்தது.

"பருந்துக்கு எவன்டா வெள்ளை வீசுனான்?" என்று ஒருவன் அழுகிற குரலில் கத்தினான். கல்லெடுத்து எறிந்தான். எல்லோரும் பருந்தின் மேல் கல் எறிந்தார்கள். பருந்துக்குப் படவில்லை. பிறகு ஒரு கல் மடைக்கல் பக்கம் திரும்பியது. அது யார் எறிந்தது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். மகளின் நெற்றியில் பட்டது. ரத்தம் ஒரு கண்ணை மூடியது. அடுத்தது மடைக்கல்லில் பட்டுத் தெறித்தது.

நீர்ப்பாய்ச்சி கம்பைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். இரக்கம் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "இருங்கடா. மீனு கெதி தெரியட்டும். அம்பலம் வாரதுக்குள்ள மீனு அழுகிச்சுன்னா, இவள அந்தச் சேத்துலயே போட்டு மிதிச்சுருவோம். வந்துட்டாருன்னா அவரு பாடு."

அதிலிருந்து நான் மகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மீனையே பார்த்தேன். ஒரு தாய் அப்படிச் செய்வாளா என்று கேட்கலாம். அவள் உயிர் அந்தத் தண்ணீரில் கிடந்தது. விரால் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது. திறப்பது குறைந்துகொண்டே வந்தது. கரை ஓரத்துக் கெண்டைகள் மேல் ஈ மொய்த்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது முதல் நாற்றம் வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். நீர்ப்பாய்ச்சி கம்பைக் கீழே போட்டார்.

"எறங்குங்க!" என்று கத்தினேன். "இன்னும் பாதி மீன் உசுரோட இருக்கு. கண்ணு தெரியலையா? எறங்கி எடுங்க!"

"அம்பலம் இல்லாமயா?"

"சாமி பாத்துக்கிட்டுத்தான இருக்கு. ஒங்க புள்ளைக பட்டினிய சாமி பாக்காதா?"

"டீச்சரம்மா பாடம் எடுக்குது," என்று ஒருவன் சொன்னான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

என்னைப் பிடித்திருந்த இரண்டு பேரும் மூக்கைப் பொத்த ஆளுக்கொரு கையை எடுத்திருந்தார்கள். நான் உதறினேன். நீர்ப்பாய்ச்சியின் தோளில் வெள்ளைத் துண்டு கிடந்தது. அதைப் பிடுங்கினேன். கரை விளிம்புக்கு ஓடி, கையை உயர்த்தி, வீசினேன். அம்பலக்காரர் வீசுவதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அதே மாதிரித்தான் வீசினேன். துண்டு காற்றில் விரிந்து படபடத்தது.

முன் வரிசையில் இருந்த ஆண்களின் பாதங்கள் அசைந்தன. அதை என் கண்ணால் பார்த்தேன். உடம்பு பழக்கத்தில் முன்னால் சாய்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஒருத்தரும் இறங்கவில்லை. ஒரு கெளுத்தி தண்ணீரில் புரண்ட சத்தம் கேட்டது.

நீர்ப்பாய்ச்சி என்னை அறைந்தார். பெண் மேல் கை வைக்கிற தயக்கம் அவருக்கு அப்போது போய்விட்டது. ஒரு பல் உடைந்து நாக்கில் விழுந்தது. "மழையக் கெடுத்துட்டா! கண்மாயக் கெடுத்துட்டா!" என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். மேலே, மடைக்கல்லில், எதிர் வீட்டுக்காரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விடுவிக்க அல்ல. மகளின் கூந்தலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கரைச் சரிவில் சேற்றைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தாள். கயிற்றின் ஒரு முனை இன்னும் கல்லில்தான் இருந்தது. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். மகள் கத்தவில்லை. "ஆத்தா, ஆத்தா" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னை மிதித்த கால்களுக்கு நடுவே அவள் கையை மட்டும் பார்த்தேன். விரல்கள் கரை மண்ணைப் பிடித்திருந்தன.

அப்போது சைக்கிள் மணி அடித்தது.

புதுக்கோட்டையிலிருந்து வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் ஆலங்குடியிலேயே நின்றுவிட்டதாம். அங்கிருந்து, கூட்டிவரப் போனவனின் சைக்கிள் கேரியரில், கால் இரண்டையும் அகட்டித் தொங்கவிட்டு, கனத்த உடம்போடு அம்பலக்காரர் வந்து இறங்கினார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மிதித்து வந்தவன் சைக்கிளோடு அப்படியே கீழே சாய்ந்தான். கூட்டம் வழி விட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். புண்ணாக்கு, திருட்டு, டீச்சர் வெள்ளை வீசியது, எல்லாம் ஒன்றாக. அவர் யாரையும் பார்க்கவில்லை. கீழே கிடந்த என்னையும், சரிவில் தொங்கிய என் மகளையும் பார்க்கவில்லை. கையைப் புருவத்தில் வைத்துத் தண்ணீரைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து இப்புடியே நிக்கிறீகளா?"

"நீங்க இல்லாம எப்புடிங்க?"

"நான் வரலேன்னா?"

 அவர் காற்றை மோந்து பார்த்தார்.

"ஓரத்துல கெடக்குறது போச்சு. நடுவுல உள்ளது மயக்கம்தான். இலுப்பையில மயங்குன மீனு யாரக் கொன்னுச்சு? எங்கப்பன் காலத்துல இதத் திங்காத வீடு இந்த ஊருல உண்டாடா? ராத்திரி திங்கிறது, பகல்ல மொறைக்கிறது." தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கோயில் இருக்கும் திசையைப் பார்த்து உதடு அசையக் கும்பிட்டார். வீசினார்.

நான் வீசிய அதே மாதிரித்தான்.

ஊர் முழுவதும் தண்ணீரில் விழுந்தது. மீன் மேல் கவிழ்க்கிற ஊத்தாக் கூடைகள், வலைகள், வேட்டிகள், கத்தல். என் மேல் இருந்த கால்கள் ஒன்றும் இல்லை. நீர்ப்பாய்ச்சி முதல் ஆளாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூங்கில் ஊத்தாவைக் குத்தி அமுக்கினார். எதிர் வீட்டுக்காரி கையில் சுற்றியிருந்த கூந்தலை அவசரமாக உருவி விட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "மாப்ளே, அங்கிட்டுப் போங்க, நடுவுல விரால் கெடக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

நான் தவழ்ந்து போனேன். மகள் கயிற்றில் சரிந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. கண்ணில் இருந்த ரத்தத்தைத் துடைத்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தேன், வாயில் இருந்த ரத்தத்தில் கயிறு வழுக்கியது.

அம்பலக்காரர் மெதுவாகச் சரிவில் இறங்கி வந்தார். மடைக்கல்லில் கை வைத்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். இடுப்பிலிருந்து பாக்கு வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். மகளின் தலை என் மடியில் விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார், எங்கள் வீட்டுப் பக்கம் இன்னும் எழும்பிக்கொண்டிருந்த புகையைப் பார்த்தார்.

"குழிய வாரி ஓரத்துல வெட்டாத புள்ள. இனிமே மேட்டுல வெட்டு," என்றார் அவளிடம்.

பிறகு தண்ணீரில் திமிறிக்கொண்டிருந்த ஊரை ஒரு தடவை கண்ணால் அளந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, ஒங்க வீட்டுப் பங்குக்கு ஆளு எறங்கலையே. ஊத்தா இருக்கா, இல்ல இரவல் வாங்கித் தரச் சொல்லவா?"